எரிமலைக் கதைகளும் கருங்கல்லின் சாட்சியும்



வரலாற்றுக் கட்டுரை என்றால் மன்னர்களும் கல்வெட்டுகளும்தான் என்பது நம் மலர்களில் வழக்கம். இம்முறை கல்வெட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கல்லையே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக இங்கு வந்து, தாராவியில் முதலில் அம்மி, ஆட்டுக்கல், பிறகு கிரைண்டர் என்று நாற்பது ஆண்டுகளாகக் கல் விற்றுச் சாப்பிட்டவன் நான். ஊரிலிருந்து வரும் கல்லை உடைத்தால் உள்ளே வெள்ளையும் கறுப்புமாக மணி மணியாகத் தெரியும். நம் மராட்டிய அண்டைவீட்டார் மசாலா அரைக்கும் பாட்டா கல்லோ ஒரே கறுப்பு. மணி கண்ணுக்கே தெரியாது. சில கல்லில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், குழிக்குள் வெள்ளைப் படிகம் பூத்திருக்கும். "ஏன் இப்படி?" என்று கேட்கத் தொடங்கியவன், படித்துப் படித்து எரிமலையில் போய் நின்றேன்.

கல்லைப் பற்றிப் படித்தால் கதையைப் பற்றியும் படிக்க வேண்டிவருகிறது. உலகில் எரிமலை உள்ள இடமெல்லாம் அதற்கொரு கதையும் இருக்கிறது. அந்தக் கதைகளில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. "எல்லாம் நம் முன்னோர்கள் அன்றே சொன்னதுதான்" என்று கைபேசியில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளை நம் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டாமா?

பெலே நடந்த வழி

முதலில் பசிபிக் பெருங்கடலுக்குப் போவோம். அங்கே ஹவாய் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்களின் எரிமலைத் தெய்வம் பெலே. (கால்பந்து பெலே அல்லர், இவள் பெண் தெய்வம்!) தொலைதூரத்துத் தாய்நாட்டிலிருந்து படகேறி வந்த பெலே, தனக்கு ஒரு நெருப்புக் குழி தேடினாளாம். முதலில் வடமேற்கில் உள்ள கவாய் தீவில் தோண்டினாள். அவளுடைய அக்காள் கடல் தெய்வம். இருவருக்கும் தீராப் பகை. அக்காள் தண்ணீரை விட்டு நெருப்பை அணைத்தாள். பெலே அடுத்த தீவுக்குப் போனாள். ஓவாஹு, மொலோக்காய், மாவி என்று ஒவ்வொன்றாக விரட்டப்பட்டு, கடைசியில் தென்கிழக்கில் உள்ள பெரிய தீவின் கிலாவேயா எரிமலையில் குடியேறினாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

இனி, நிலவியலார் சொல்வதைக் கேளுங்கள். கவாய் தீவின் பாறைக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டு. ஓவாஹு அதற்கு இளையது. மொலோக்காய் சுமார் 20 லட்சம், மாவி சுமார் 10 லட்சம். பெரிய தீவு 10 லட்சத்துக்கும் குறைவு. அங்கேதான் இன்றும் நெருப்பு கக்குகிறது. பெலே நடந்த வரிசையும் தீவுகள் பிறந்த வரிசையும் ஒன்றே! காரணத்தை 1963இல் கனடா நாட்டு அறிஞர் டூசோ வில்சன் விளக்கினார். பூமிக்கடியில் ஓர் அடுப்பு ஒரே இடத்தில் எரிகிறது. அதன் மேலே கடல்தளம் ஆண்டுக்குச் சில அங்குலம் வடமேற்காக நகர்கிறது. தோசைக்கல்லை அடுப்பின் மேல் மெல்ல நகர்த்தினால் வரிசையாகச் சூடு பட்ட அடையாளம் விழுமல்லவா, அப்படித்தான்.

அந்த மக்களுக்கு இது எப்படித் தெரிந்தது? 50 லட்சம் ஆண்டுக்கு முன்னால் ஹவாயில் மனிதன் இல்லை. பாலினேசியர் அங்கே வந்து குடியேறி ஆயிரம் ஆண்டு அளவில்தான் ஆகிறது. ஆனால் கண் இருந்தது. வடமேற்குத் தீவுகளில் மலைகள் அரிக்கப்பட்டு, பள்ளத்தாக்கு விழுந்து, காடு அடர்ந்திருந்தன. தென்கிழக்கே போகப் போகப் பாறை புதிதாக, மண் பிடிக்காமல் இருந்தது. பழையது எது, புதியது எது என்று பார்த்தே கண்டுகொண்டார்கள். உழவனும் மீனவனும் செய்யக்கூடிய கணக்குதான் இது. ஞானதிருஷ்டி எல்லாம் தேவையில்லை.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. பெலேயின் தங்கை ஹியியாகா. அவள் ஒரு வேலையாக வெளியே போயிருந்தபோது, அவள் உயிராக வளர்த்த காட்டைப் பெலே கோபத்தில் எரித்துவிட்டாள். திரும்பி வந்த தங்கை, இறந்துபோன தன் காதலனைத் தேடிக் கிலாவேயாவின் உச்சியை ஆழமாகத் தோண்டினாள், கல்லெல்லாம் பறந்தது. இப்படிப் போகிறது கதை. கிலாவேயாவின் பெருங்குழி 1790 வாக்கில் உண்டானது என்று அறிவியலார் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். பிற்பாடு பாறைகளை ஆய்ந்தபோது, 15ஆம் நூற்றாண்டில் சுமார் 60 ஆண்டுகள் தொடர்ந்து குழம்பு ஓடிப் பெருங்காட்டை அழித்ததும், அதன்பின் 1500 வாக்கில் மலையுச்சி உள்வாங்கிப் பெருங்குழி ஆனதும் தெரியவந்தன. கதை சொன்ன அதே வரிசை! டொனால்டு ஸ்வான்சன் என்ற அமெரிக்க எரிமலை அறிஞர் 2008இல் இதை எழுதினார். வாய்மொழிக் கதையை முன்பே காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

கண்ட கதை, காரணக் கதை

இங்கேதான் நமக்கு அளவுகோல் கிடைக்கிறது. கதைகளை நான் இரண்டு மூட்டையாகக் கட்டுகிறேன். ஒன்று கண்ட கதை. நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் சொல்லி, வழிவழியாக வந்தது. மற்றொன்று காரணக் கதை, நிற்கும் மலையையோ பாறையையோ பார்த்து, "இது எப்படி வந்திருக்கும்?" என்று பின்னால் வந்தவர்கள் கட்டியது.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மசாமா என்ற எரிமலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்து, உச்சி இடிந்து விழுந்து, பின்னர் ஏரியானது. அங்கு வாழும் கிளாமத் பழங்குடியினர், பாதாளத் தலைவனுக்கும் வானுலகத் தலைவனுக்கும் நடந்த போரில் மலை இடிந்து விழுந்ததாகச் சொல்கிறார்கள். அந்தச் சாம்பலுக்கு அடியில் மனிதர் அணிந்த நார்ச் செருப்புகள் கிடைத்திருக்கின்றன. அப்படியானால் மனிதர் அங்கே இருந்தார்கள், பார்த்தார்கள். இது கண்ட கதை.

அதே நாட்டில் வயோமிங் பகுதியில் டெவில்ஸ் டவர் என்ற பாறை நிற்கிறது. அடுக்கி வைத்த தூண்கள் போல நெடுகக் கோடு விழுந்த பாறை. கரடி துரத்திய சிறுமிகளைக் காப்பாற்றப் பாறை உயர்ந்ததாகவும், கரடி நகத்தால் பிறாண்டிய கோடுகளே அவை என்றும் கியோவா பழங்குடியினர் சொல்வார்கள். பாறைக்கு வயது கோடிக்கணக்கான ஆண்டு. அது உருவானதை எவரும் பார்த்திருக்க முடியாது. இது காரணக் கதை. அழகில் குறைவில்லை, ஆனால் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற முடியாது.

நம் காலடியில் எரிமலை

மும்பைக்கு வருவோம். மாட்டுங்காவில் கோயிலுக்குப் போகிறோம், செம்பூரில் வீடு வாங்குகிறோம், தாராவியில் தொழில் செய்கிறோம். காலுக்குக் கீழே இருப்பது முழுக்க எரிமலைப் பாறை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி நீள நீளமாக வெடித்து, அந்தப் பிளவுகள் வழியே குழம்பு வெள்ளமாகப் பெருகியது. ஒரு படுகை ஆறியதும் அதன்மேல் அடுத்தது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது பரவிக் கிடக்கிறது. புணேவுக்கு ரயிலில் போகும்போது காட் பகுதியில் மலைகள் படிப்படியாகத் தெரிகின்றன பாருங்கள், ஒவ்வொரு படியும் ஒரு குழம்பு வெள்ளம். கல்லில் இருக்கும் குழிகள் குழம்பில் இருந்த காற்றுக் குமிழிகள். நைசான மணிக்குக் காரணம் சீக்கிரம் ஆறியது. நம் ஊர்க்கல் பூமிக்குள் ஆழத்தில் மெதுவாக இறுகியது. அதனால் மணி பெரிது.

ஒரு வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் இடையே நெடுங்கால ஓய்வு இருந்தது. அப்போது குளங்கள் உண்டாயின, தவளைகள் கத்தின. வர்ளிக் குன்றில் அந்தத் தவளைகளின் சின்னஞ்சிறு எலும்புக்கூடுகள் கல்லாகக் கிடைத்தன. 1847இல் ரிச்சர்டு ஓவன் என்ற ஆங்கில அறிஞர் அவற்றை விவரித்து எழுதினார். இன்றைய மும்பைவாசிகளில் மூத்த குடி அந்தத் தவளைதான் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில் என்று ஒரு பாறை, சுமார் 200 அடி உயரம். டெவில்ஸ் டவர் போலவே செங்குத்தான தூண் தூணாக நிற்கிறது. குழம்பு ஆறிச் சுருங்கும்போது உண்டான வெடிப்புகள் அவை. உச்சியில் காவ்தேவி துர்க்கையம்மன் கோயில். கோட்டைப் பகுதி அருங்காட்சியகத்தின் சாம்பல் நிறக் கல் குர்லாவில் வெட்டியது, மஞ்சள் கல் மலாடில் வெட்டியது. இரண்டும் எரிமலை தந்தவை. எல்லோராவும் எலிபண்டாவும் அதே கறுங்கல்லில் குடைந்தவைதான். எல்லோராவின் 30 முதல் 34 வரையுள்ள குகைகள் எங்கள் சமணக் குகைகள்.

அதே அடுப்பு, அங்கே நம்மவர்கள்

அந்தப் பழைய அடுப்பு எங்கே போயிற்று? அடுப்பு போகவில்லை, நாம்தான் நகர்ந்துவிட்டோம். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர நகர, அடுப்பின் மேல் வரிசையாகச் சூடு விழுந்தது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளம், பிறகு மொரீசியஸ், கடைசியில் ரீயூனியன் தீவு. ஹவாய் வரிசையைப் போலவே நமக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ரீயூனியனில் உள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்றும் அடிக்கடி வெடிக்கும் எரிமலை. அந்தப் பெயருக்கு உலைச் சிகரம் என்று பொருள்.

அந்தத் தீவில் யார் வாழ்கிறார்கள் தெரியுமா? 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தோரை அங்கே மலபார் என்கிறார்கள். பலருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் கோயில் உண்டு, தீமிதி உண்டு. தாராவித் தமிழன் அந்த அடுப்பின் பழைய சாம்பல் மேல் நிற்கிறான். ரீயூனியன் தமிழன் எரிகிற அடுப்பின் பக்கத்தில் நின்று பூக்குழி மிதிக்கிறான். பிழைப்புத் தேடிப்போன இரண்டு கூட்டத்தையும் கல் உறவாக்கி வைத்திருக்கிறது.

அங்கே புதுக் கதையும் நம் காலத்திலேயே பிறந்தது. 1977இல் பித்தோன் செயின்ட் ரோஸ் என்ற ஊரில் குழம்பு புகுந்தபோது மாதா கோயிலின் வாசல் வரை வந்து, சுற்றிலும் சூழ்ந்து நின்றது, கோயில் தப்பியது. இன்று அதன் பெயரே எரிமலைக் குழம்பு மாதா கோயில். கண்ட கதை எப்படிப் பிறக்கிறது என்பதற்குத் தேதியோடு கிடைத்த சாட்சி இது.

பக்கத்துக் கதைகள்

நம் பக்கத்தில் கண்ட கதை உண்டா? தக்காணக் குழம்பு ஓடியதை மனிதன் பார்க்கவில்லை. மனிதகுலத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. குழம்புக்கோ 6 கோடிக்கு மேல். ஆகவே இங்குள்ளவை காரணக் கதைகளாகத்தான் இருக்க முடியும்.

வஜ்ரேஷ்வரிக்குப் பலர் போயிருப்பீர்கள். அங்குள்ள வெந்நீர் ஊற்றுகள், அம்மன் வதைத்த அரக்கர்களின் இரத்தம் என்பது ஐதிகம். "எரிமலை உள்ளே கொதிக்குது" என்று சிலர் சொல்வதும் சரியன்று. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புகிறது. கொங்கணம் நெடுக இப்படி ஊற்றுகள் உண்டு.

புல்டாணா மாவட்டத்து லோணார் ஏரி இன்னும் சுவையானது. லவணாசுரன் என்ற அரக்கன் நிலத்தடியில் ஒளிந்திருக்க, திருமால் மூடியைப் பெயர்த்து அவனைக் கொன்றார். அந்தக் குழியே ஏரி, உப்புநீர் அவன் குருதி என்பது கதை. சுமார் 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வட்டக் குழியை முதலில் பார்த்த அறிஞர்கள் எரிமலை வாய் என்றே நினைத்தார்கள். விண்கல் மோதி உண்டானது என்பது 1973இல் உறுதியாயிற்று. எரிமலைப் பாறையில் இருப்பதெல்லாம் எரிமலை வாய் ஆகிவிடாது!

பரசுராமர் கடலைப் பின்வாங்கச் செய்து கொங்கணத்தை மீட்டார் என்ற கதையையும் நிலவியலோடு முடிச்சுப் போடுவார்கள். ஆனால் 1870களின் இறுதியில் இங்கே பிரின்ஸ் டாக் தோண்டியபோது, கடல் மட்டத்துக்குக் கீழே வேரோடு நின்ற மரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்பட்டன. அங்கே கடல் பின்வாங்கவில்லை, நிலம் உள்ளே போயிருக்கிறது. ஒரே கரையில் இரண்டும் நடந்திருக்க, கதை ஒன்றை மட்டும் சொல்கிறது.

இந்தியாவில் இன்று எரிமலை உயிரோடு இருப்பது அந்தமானில், பாரன் தீவில். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கி 1991இல் விழித்தது. அதற்கு வடக்கே உள்ள நார்கொண்டம் தீவின் பெயர் நரககுண்டம் என்பதன் திரிபு என்பர். விந்தை என்னவென்றால் நார்கொண்டம் அமைதியாக இருக்கிறது, எரிவது பாரன். கடலோடிகள் எரியும் தீவுக்கு வைத்த பெயர் இடம் மாறியிருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் சென்றது இந்தக் கடல் வழியேதான்.

அண்ணாமலையும் குமரிக்கண்டமும்

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். பொறுத்துக் கேளுங்கள்.

திருவண்ணாமலை எங்கள் ஊருக்குப் பக்கம். அக்கினி மலை குளிர்ந்து கல்மலை ஆயிற்று என்பது தலபுராணம். "அது அணைந்துபோன எரிமலை, அறிவியலே சொல்லிவிட்டது" என்று மேடையில் பேசுகிறார்கள். அந்தப் பாறை எரிமலை வாயிலிருந்து வந்த குழம்பு அன்று. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் இறுகி, மேலிருந்த மண்ணும் கல்லும் அரிக்கப்பட்டபின் வெளிவந்த பழம்பாறை. 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. தக்காணக் கறுங்கல் அதன் முன்னால் கைக்குழந்தை. கார்த்திகைத் தீபம் ஏற்றுகிறவனுக்கு எரிமலைச் சான்றிதழ் எதற்கு? மலையின் பெருமை அதன் பக்தியில் இருக்கிறது, வயதிலும் இருக்கிறது. பொய்ச் சாட்சி வேண்டியதில்லை.

பிறர் கதையை மட்டும் தட்டிப் பார்க்கிறான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சமண நூல்களில் ஏழு நரகங்கள் கூறப்படுகின்றன. பூமியின் உட்சூட்டைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று எங்களிலும் சிலர் பெருமை பேசுகிறார்கள். நூலைப் புரட்டினால் மேல் நரகங்களில் வெப்பம், அடி நரகங்களில் கடுங்குளிர் என்றிருக்கிறது. பூமியிலோ கீழே போகப் போகச் சூடு. பொருந்தவில்லை. நரகம் சொல்லப்பட்டது வினைப்பயனைப் புரியவைக்க; நிலவியல் பாடம் நடத்த அன்று.

குமரிக்கண்டத்துக்கு வருவோம். 2013இல் மொரீசியஸ் கடற்கரை மணலில் மிகப் பழைய சிர்க்கான் மணிகள் கிடைத்து, எரிமலைத் தீவுக்கு அடியில் ஒரு பழைய நிலத்துண்டு புதைந்திருப்பதாக அறிவித்தார்கள். 2017இல் அங்குள்ள பாறையிலேயே சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான மணிகள் கிடைத்தன. "குமரிக்கண்டம் கண்டுபிடிப்பு" என்று நம்மவர் கொண்டாடினார்கள். ஆனால் அந்தத் துண்டு இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது உடைந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். அங்கே பாண்டியனும் இல்லை, சங்கமும் இல்லை. லெமூரியா என்ற பெயரும் நம்முடையதன்று. 1864இல் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார், லெமூர் என்ற விலங்கின் பரவலை விளக்க வைத்த பெயர். நிலத்தட்டுகள் நகர்வது தெரிந்தபின் அறிவியலுக்கு அது தேவைப்படவில்லை.

அப்படியானால் கடல்கோள் பொய்யா? இல்லை! இங்கேதான் என் அளவுகோல் நம் பக்கம் சாய்கிறது. சமணத் துறவி இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம் கடல் கொண்ட நிலத்தைச் சொல்கிறது. மணிமேகலை கடல் கொண்ட புகாரைச் சொல்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கைக்கும் நமக்கும் இடையே தரை இருந்தது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை கடல் ஏறிக்கொண்டே வந்தது. கரையில் மனிதன் இருந்தான். இடையிடையே ஆழிப்பேரலை வேறு. 2004 டிசம்பர் 26 அன்று நாமே பார்த்தோமே! ஆகவே கடல்கோள் நினைவு கண்ட கதையாக இருக்க எல்லா நியாயமும் உண்டு. சரக்கு நல்ல சரக்கு. அதன்மேல் ஒரு கண்டத்தையே ஏற்றி எடையைக் கூட்டிக் காட்டுகிறோம். தராசில் வைத்தால் நல்ல சரக்கையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். வியாபாரிக்கு இந்த நட்டம் நன்றாகப் புரியும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஒரு பொருளைப் பல கோணத்தில் பார்க்கலாம், ஒரு கோணத்தையே முழு உண்மை என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் அநேகாந்தம். கதை ஒரு பார்வை, கல் ஒரு பார்வை. ஹவாயில் கல்லைப் படித்தவர்கள் கதைக்குக் காது கொடுத்தபோது புதிய உண்மை கிடைத்தது. நம்மிடம் கதை படித்தவர்கள் கல்லுக்குக் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பேரப்பிள்ளைகளை மாலுக்கு அழைத்துப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக் கில்பர்ட் ஹில்லுக்குக் கொடுங்கள். படியேறி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பாறைத் தூண்களைக் காட்டுங்கள். கல் உடைத்துக் கரைந்து, சுற்றிலும் கட்டடமும் குடிசையும் நெருக்க, ஒரு துண்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. 2007இல் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இரண்டாம் தரம் கொடுத்தார்கள். பட்டியல் மட்டும் காப்பாற்றாது. பார்க்க வருகிறவர்கள் இருந்தால்தான் பாதுகாப்பு. கரடிக் கதையையும் சொல்லுங்கள், காவ்தேவி கதையையும் சொல்லுங்கள், குழம்பு ஆறிய கதையையும் சொல்லுங்கள். எது கண்டது, எது கருதியது என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்படி வளர்கிற பிள்ளை நாளைக்குத் தமிழின் பெருமையை எந்த மேடையிலும், எவர் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!